யார் பெயரால் கொடுக்கிறோம்?
மருத்துவ ஆய்வும் நினைவுக் கொடையும்: டஸ்கீகி ஊரின் வரலாற்றிலிருந்து



ஒவ்வோர் ஆண்டும் இந்த நாளில் கூடுகிறோம். பறை முழங்குகிறது, தோழரின் படத்துக்கு மாலை போடுகிறோம், ஒருவர் உரை நிகழ்த்துகிறார், அது சிறு நூலாக அச்சாகிறது. இந்த ஆண்டு ஏற்பாடுகளைப் பேசியபோது தோழரின் மூத்த மகள் ஒரு வேண்டுகோள் வைத்தார். "அப்பா ரத்தப் புற்றுநோயிலதான் போனாரு. மாலைக்கும் பேனருக்கும் ஆகிற காசை அந்த நோய் ஆராய்ச்சிக்குக் கொடுத்தா என்ன?" என்றார். பலரும் தலையசைத்தோம். கடைசியில் உட்கார்ந்திருந்த மாணவர் ஒருவர் எழுந்தார். "நம்ம ஜனங்க உடம்ப அறுத்துப் பாத்துத்தான் அவங்க படிச்சாங்க. இப்ப நம்ம காசையும் கொடுக்கணுமா அக்கா?" என்று கேட்டார்.

அன்று யாரும் பதில் சொல்லவில்லை. மகளின் வேண்டுகோளில் நியாயம் இருந்தது, மாணவரின் கேள்வியிலும் நியாயம் இருந்தது. இந்த உரை அந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் முயற்சி. அதற்காக நாம் போகப்போவது அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள டஸ்கீகி என்ற சிற்றூருக்கு. ஏன் அவ்வளவு தூரம் என்றால், மருத்துவ ஆய்வுக்கு மூன்று விதமான கொடைகள் அந்த ஒரே ஊருக்கு வந்து சேர்ந்தன. மூன்றும் கறுப்பின மக்களின் உடம்பைத் தொட்டன. கொடையில் எது அறம், எது அநீதி என்பதை அந்த ஊர் நமக்குத் தெளிவாகக் காட்டும்.

1. சாவும் பெயரும்

முதலில் நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். சாவை நம் தலைமுறைகளின் மேல் வேலையாகச் சுமத்தினார்கள். இழவு சொல்லப் போனவர்கள் நாம். பறையடித்தவர்கள், குழி வெட்டியவர்கள், பிணம் வேகும்வரை விழித்திருந்தவர்கள் நாம். ஊராரின் நினைவாகச் சத்திரங்கள் எழுந்தன, கல்வெட்டுகள் நின்றன. நம்மவரின் சடலத்துக்குச் சுடுகாட்டுப் பாதைகூடப் பல ஊர்களில் கிடைக்கவில்லை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே, பாதை மறுக்கப்பட்ட ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தக் காட்சியை நாடே பார்த்தது, உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. கௌரவமான அடக்கம் என்பது எவ்வளவு பெரிய ஏக்கம் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டஸ்கீகியில் இதே ஏக்கத்தைத்தான் விலை பேசினார்கள்.

இறந்தவரின் நினைவாக மருத்துவ ஆய்வுக்குக் கொடுக்கும் வழக்கம் இந்தியாவுக்குப் புதிதல்ல. மெகர்பாய் டாட்டா 1931இல் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். மறு ஆண்டு அவருடைய கணவர் தோராப்ஜி டாட்டா, அந்த நோயின் ஆய்வுக்கென்றே மனைவி பெயரால் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். அது இன்றும் இயங்குகிறது.

சென்னையில் நடந்தது வேறு விதம். முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி மரபில் வந்த சந்திரம்மாளின் மகள். அவர் 1923இல் தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துயரத்தை அவர் கைவிடவில்லை. முப்பது ஆண்டுகள் அலைந்து, மாதர் சங்கத்தின் வழியாகப் பொதுமக்களிடம் நிதி திரட்டி, 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். பின்னர் அது சிகிச்சையும் ஆய்வும் சேர்ந்த நிறுவனமாக வளர்ந்தது.

இருவருக்கும் பொதுவானது ஒன்று உண்டு. யாருக்காகக் கொடுக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும். மனைவி, தங்கை என்று ஒரு முகம் இருந்தது. ஆனால் ஆய்வு என்பது பணத்தால் மட்டும் நடப்பதில்லை. அதற்கு ரத்தம் வேண்டும், திசு வேண்டும், உடல் வேண்டும். பணம் கொடுத்தவரின் பெயர் பலகையில் ஏறுகிறது. உடம்பைக் கொடுத்தவரின் பெயர் என்ன ஆகிறது?

2. பெற்றோர் நினைவாக ஒரு நிதியம்

எலிசபெத் மில்பாங்க் ஆண்டர்சன் நியூயார்க்கின் பெரும் செல்வந்தப் பெண்மணி. தன் ஒரே மகனைத் தொண்டை அடைப்பான் நோய்க்குப் பறிகொடுத்த தாய். அம்பேத்கர் படித்த கொலம்பியா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பார்னார்டு பெண்கள் கல்லூரிக்கு நிலமும் கட்டடமும் கொடுத்தவர். 1905இல் தன் பெற்றோரின் நினைவாக ஓர் நிதியத்தை நிறுவினார். அவர் 1921இல் இறந்த பின் அது மில்பாங்க் நினைவு நிதியம் என்று பெயர் பெற்றது. பொதுச் சுகாதாரத்துக்காக அந்த நிதியம் செய்த நல்ல காரியங்கள் பல.

1932இல் அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை, டஸ்கீகி இருக்கும் மேக்கன் மாவட்டத்தில் ஓர் ஆய்வைத் தொடங்கியது. அதற்கு முன் ரோசன்வால்ட் நிதியம் என்ற வேறொரு தரும நிறுவனம், தென்மாநிலங்களில் சிஃபிலிஸ் என்னும் மேகநோய்க்குச் சிகிச்சை தரும் திட்டத்துக்குப் பணம் கொடுத்துவந்தது. பொருளாதாரப் பெருமந்தம் வந்ததும் அந்தப் பணம் நின்றது. சிகிச்சைக்குப் பணமில்லை என்று ஆனபோது, சிகிச்சை தராமலே நோய் எப்படி வளர்கிறது என்று பார்க்க முடிவு செய்தார்கள். நோயுள்ள 399 கறுப்பின ஆண்கள், ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத 201 பேர். பெரும்பாலோர் பருத்திக் காட்டில் வாரத்துக்கு உழுத ஏழைகள். அவர்களிடம் நோயின் பெயரைச் சொல்லவில்லை. "கெட்ட ரத்தம்" என்று மட்டும் சொன்னார்கள். முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்ததைக்கூட விசேஷ சிகிச்சை என்று சொல்லி நம்பவைத்தார்கள். 1940களின் நடுவில் பென்சிலின் கைக்கு எட்டிய பிறகும் அவர்களுக்கு அதைக் கொடுக்கவில்லை.

நோய் உடம்புக்குள் என்ன செய்தது என்று முழுதாக அறிய, இறந்த பின் உடலை அறுத்துப் பார்க்க வேண்டும். குடும்பம் சம்மதிக்குமா? இங்கேதான் மில்பாங்க் நிதியம் வருகிறது. அரசுத் துறை கேட்டது, 1935 முதல் நிதியம் கொடுத்தது. உடற்கூறு ஆய்வுக்குச் சம்மதித்தால் ஈமச் செலவுக்குப் பணம். அதிகம் போனால் 100 டாலர். சுமார் 234 உடல்களுக்காக அந்த நிதியம் கொடுத்த மொத்தத் தொகை 20,150 டாலர் என்று வரலாற்றாய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

கணவன் செத்துக் கிடக்கிறான், சவப்பெட்டி வாங்கக் கையில் காசில்லை. ஆய்வின் சார்பில் ஒருவர் வருகிறார். கையெழுத்துப் போட்டால் அடக்கத்துக்குப் பணம் வரும் என்கிறார். அந்தப் பெண்ணுக்குத் தன் கணவன் ஏன் செத்தான் என்று தெரியாது. பிழைக்கவைக்க மருந்து இருந்தது என்பதும் தெரியாது. அவள் போட்ட கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்ல முடியுமா?

இதில் நம்மை உறுத்தும் ஒரு விஷயம் உண்டு. இந்தப் பணம் கொள்ளைப் பணம் அல்ல. ஒரு மகள் தன் பெற்றோரை நினைத்து ஒதுக்கிய பணம். ஒரு வீட்டின் பாசம், இன்னொரு வீட்டின் துயரத்தை விலைக்கு வாங்கப் பயன்பட்டது. அந்தப் பெண்மணிக்கு இது தெரியாது, அவர் அதற்கு முன்பே இறந்துவிட்டார். நிதியத்தை நடத்தியவர்களுக்குத் தெரிந்திருந்தது. தருமம் செய்கிறோம் என்ற நிம்மதி, யாரிடம் என்ன கேட்கிறோம் என்று யோசிக்கவிடாமல் செய்துவிடும்.

1972 ஜூலையில் ஒரு செய்தி நிறுவனத்தின் வழியாக உண்மை வெளியே வந்தது. அதே 1972இல்தான் பம்பாயில் இளைஞர்கள் கூடி, அமெரிக்கக் கறுஞ்சிறுத்தைகளின் பெயரைத் தழுவித் தலித் பேந்தர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். நாற்பது ஆண்டு ஆய்வு நிறுத்தப்பட்டது. 1974இல் வழக்கு 1 கோடி டாலர் இழப்பீட்டில் முடிந்தது. மனிதர்கள் மீதான ஆய்வுக்கு அமெரிக்காவில் புதிய சட்டமும் விதிகளும் வந்தன. 1997இல் குடியரசுத் தலைவர் கிளிண்டன் மன்னிப்புக் கேட்டார். மில்பாங்க் நிதியம் வாய்திறக்க மேலும் 25 ஆண்டுகள் ஆயின. 2022 ஜூனில் அதன் தலைவர் டஸ்கீகிக்கே நேரில் வந்து, அந்த ஆண்களின் வழித்தோன்றல்கள் முன் மன்னிப்புக் கேட்டார். வழித்தோன்றல்கள் நடத்தும் அறக்கட்டளைக்கு நிதியும் கொடுத்தார். தங்கள் தந்தையரையும் பாட்டன்மாரையும் நினைவுகூர அவர்களே தொடங்கிய அமைப்பு அது.

3. அடிமையாய்ப் பிறந்தவரின் சேமிப்பு

அதே ஊரில், அதே ஆண்டுகளில், வேறொரு பணமும் இருந்தது.

ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் அடிமையாகப் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோது அவருடைய தாயைக் கொள்ளையர்கள் தூக்கிச் சென்றார்கள், அவர் திரும்பவே இல்லை. படித்து முன்னேறி வேளாண் அறிவியலாளராகி, டஸ்கீகியின் கறுப்பினக் கல்லூரியில் வாழ்நாள் முழுவதும் பணியாற்றினார். எளிமையாக வாழ்ந்து சேர்த்த பணத்தைக் கொண்டு 1940இல் அங்கே ஓர் ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். 1943இல் இறந்தபோது தன் உடைமையையும் அதற்கே விட்டுச் சென்றார். கறுப்பின இளைஞர்கள் யாரிடமும் கையேந்தாமல் ஆய்வு செய்ய ஓர் இடம் கிடைத்தது.

மூன்றாவது பணம் சில்லறையாக வந்தது. இளம்பிள்ளைவாதத்தால் கால்கள் செயலிழந்த ரூஸ்வெல்ட், குடியரசுத் தலைவராக இருந்தபோது 1938இல் அந்த நோய்க்கெதிரான தேசிய நிதியத்தைத் தொடங்கினார். ஆளுக்குப் பத்துக் காசு அனுப்புங்கள் என்று கேட்டார்கள். மூட்டை மூட்டையாக நாணயங்கள் வெள்ளை மாளிகைக்கு வந்தன. கறுப்பினத்தவரும் தங்கள் பத்துக் காசைப் போட்டார்கள். ஆனால் ரூஸ்வெல்ட் நிறுவிய வார்ம் ஸ்பிரிங்ஸ் மருத்துவமனையில் கறுப்பினக் குழந்தைக்குப் படுக்கை கிடையாது. காசு மட்டும் தீட்டில்லை, குழந்தை தீட்டு. நமக்கு இது புரியாதா? எதிர்ப்புக் கிளம்பியது. அதன் விளைவாக 1941இல் அந்த நிதியத்தின் பணத்தில் டஸ்கீகியில் கறுப்பினக் குழந்தைகளுக்கான இளம்பிள்ளைவாத மையம் திறக்கப்பட்டது. கொடுத்தவர்கள் கணக்குக் கேட்டதால் கிடைத்தது அது.

1953இல் இந்த இரண்டு பணமும் ஒன்றாகச் சேர்ந்தன. ஜோனஸ் சால்க் கண்டுபிடித்த போலியோ தடுப்பூசியைக் குழந்தைகளிடம் பரிசோதிக்க வேண்டியிருந்தது. ஊசி போட்ட குழந்தையின் ரத்தத்தில் எதிர்ப்பு உண்டாகியிருக்கிறதா என்று அறிய, ஆய்வுக்குழாயில் உயிருள்ள மனிதச் செல்கள் வேண்டும். குழந்தையின் ரத்த நீரையும் போலியோ கிருமியையும் அவற்றோடு சேர்ப்பார்கள். எதிர்ப்பு இருந்தால் செல்கள் பிழைக்கும், இல்லாவிட்டால் சாகும். அந்தச் செல்களைப் பெருமளவில் வளர்த்துக் கொடுக்கும் வேலையைத் தேசிய நிதியம் கார்வர் அறக்கட்டளையிடம் கொடுத்தது. ரஸல் பிரவுன், ஜேம்ஸ் ஹெண்டர்சன் என்ற கறுப்பின அறிவியலாளர்களின் தலைமையில் வாரத்துக்குச் சுமார் 20,000 குழாய்கள்வரை அனுப்பினார்கள். 1954இல் லட்சக்கணக்கான குழந்தைகள் பங்கெடுத்த பரிசோதனை நடந்தது. தடுப்பூசி வென்றது.

ஊரின் ஒரு பக்கம் கறுப்பின அறிவியலாளர்கள் உலகக் குழந்தைகளின் கால்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். மறுபக்கம் அதே மக்களின் ஆண்களைச் சாகவிட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆராய்ச்சி என்றாலே சுரண்டல் என்று ஒதுக்குவதும், ஆராய்ச்சி என்றாலே புனிதம் என்று கும்பிடுவதும் இந்த ஊரின் முன்னால் நிற்காது.

4. நான்கு எழுத்துகள்

பிரவுனும் ஹெண்டர்சனும் வளர்த்த செல்களின் பெயர் ஹீலா. ஆங்கிலத்தில் நான்கு எழுத்துகள். ஹென்றியேட்டா லாக்ஸ் என்ற பெயரின் முதல் இரண்டு எழுத்தும், அடுத்த பெயரின் முதல் இரண்டு எழுத்தும்.

1920இல் வர்ஜீனியாவில் பிறந்து, அடிமை முன்னோர்கள் உழைத்த மண்ணில் புகையிலை விளைவித்து வளர்ந்தவர். ஐந்து குழந்தைகளின் தாய். 1951இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குப் போனார். கறுப்பினத்தவருக்குத் தனி வார்டு இருந்த காலம். கருப்பைவாய்ப் புற்றுநோய் என்றார்கள். சிகிச்சையின்போது அவரிடம் கேட்காமலே கட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். மற்றவர்களின் செல்கள் சில நாளில் செத்துப்போயின. அவருடைய செல்கள் சாகவில்லை, பெருகிக்கொண்டே இருந்தன. அவர் அந்த ஆண்டு அக்டோபர் 4 அன்று, 31 வயதில் இறந்தார். பெயர்க் கல்கூட இல்லாத குழியில் அடக்கம் செய்தார்கள்.

செல்கள் உலகம் முழுவதும் போயின. பின்னாளில் அவற்றை விற்றுச் சம்பாதித்தார்கள். அந்தப் பெண்ணின் பெயர் ஹெலன் லேன் என்று தவறாகவே நெடுங்காலம் அச்சானது. இருபது ஆண்டுகளுக்கு மேல் குடும்பத்துக்கு எதுவும் தெரியாது. தெரியவந்ததும், ஆராய்ச்சிக்காக அவர்களிடமும் ரத்தம் எடுத்தார்கள். மருத்துவத்தை மாற்றிய தாயின் பிள்ளைகள், மருத்துவக் காப்பீட்டுக்கு வழியில்லாமல் இருந்தார்கள்.

2010இல்தான் அந்தக் குழிக்கு ஒரு கல் வந்தது. கொடுத்தவர் ரோலண்ட் பட்டிலோ என்ற கறுப்பின மருத்துவர். அவர் அட்லாண்டாவில் ஹென்றியேட்டா நினைவாக ஆண்டுதோறும் மருத்துவக் கருத்தரங்கு நடத்திவந்தவர். அதே ஆண்டு ரெபெக்கா ஸ்க்ளூட் எழுதிய வரலாற்று நூல் வெளிவந்தது. நூலின் வருமானத்தைக் கொண்டு ஹென்றியேட்டா பெயரில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். அறியாமலே ஆய்வுக்கு ஆளானவர்களின் குடும்பங்களுக்குப் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் உதவுவது அதன் பணி. 2013இல் அந்தச் செல்களின் மரபணு விவரத்தைப் பயன்படுத்த யாருக்கு அனுமதி என்று முடிவு செய்யும் குழுவில் குடும்பத்தினர் இருவருக்கு இடம் கிடைத்தது. 2020இல் அந்தச் செல்களைப் பயன்படுத்தும் கலிபோர்னிய ஆய்வகம் ஒன்று அந்த அறக்கட்டளைக்குப் பணம் கொடுத்தது. பெரும் ஆய்வு நிறுவனமான ஹோவர்டு ஹியூஸ் லட்சத்துக்கு மேற்பட்ட டாலர் கொடுத்தது. 2023இல் ஒரு பெரும் நிறுவனம் குடும்பத்தோடு வழக்கில் சமரசம் செய்துகொண்டது.

இங்கே கொடையின் திசை மாறுவதைப் பாருங்கள். ஆராய்ச்சிக்கு மக்கள் கொடுப்பதுதான் வழக்கம். இங்கே, உடம்பைக் கொடுத்தவரின் நினைவாக ஆராய்ச்சியாளர்கள் கொடுக்கிறார்கள். இதைப் பெருந்தன்மை என்று சொல்ல வேண்டாம். அறுபது, எழுபது ஆண்டு தாமதமாக அடைக்கப்படும் கடன் என்று சொல்வோம்.

5. நம் மலையும் நம் பிணவறையும்

இது எங்கோ நடந்த கதை என்று நினைக்க வேண்டாம். 1952இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தில் அரிவாள் செல் கூறு இருப்பதைக் கண்டு எழுதினார்கள். இந்தியாவில் அந்த நோயின் ஆய்வு வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. அமெரிக்காவில் கறுப்பினத்தவரை வாட்டும் அதே நோய். 1970களின் தொடக்கத்தில் கறுஞ்சிறுத்தைகள் அரசை நம்பியிராமல் அதற்கு இலவசப் பரிசோதனை முகாம்கள் நடத்தினார்கள். இங்கே அந்த நோயை ஒழிக்கும் தேசிய இயக்கம் 2023இல் அறிவிக்கப்பட்டது. ரத்தம் எடுத்ததற்கும் இயக்கம் வந்ததற்கும் இடையில் 71 ஆண்டுகள்.

மருத்துவக் கல்லூரிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1832இல் இங்கிலாந்து ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஏழைகள் விடுதியிலும் மருத்துவமனையிலும் கேட்பாரற்று இறந்தவர்களின் உடலை அறுத்துப் படிக்கலாம் என்றது. நம் மாநிலங்களின் உடற்கூறியல் சட்டங்களும் அதே வழியில் வந்தவை. அநாதைப் பிணம் என்று எழுதிவிடுகிறார்கள். யார் அநாதையாகச் சாகிறார்கள்? பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போனவர்கள், நடைபாதையில் படுத்தவர்கள், தேடி வரப் பேருந்துக் காசில்லாத குடும்பத்தார். ஆகவே மாணவத் தோழரின் கேள்வியை உணர்ச்சிவசப்பட்ட பேச்சு என்று தள்ளிவிட முடியாது.

6. கொடுப்போம், கேட்டுக் கொடுப்போம்

இருந்தாலும் நம் பதில், கொடுப்போம் என்பதே. நம் தோழரின் உயிரைச் சில காலம் நீட்டித்த மருந்தும் யாரோ செய்த ஆய்வில் பிறந்ததுதான். நம் தெருவில் நாளை ஒரு குழந்தைக்கு அந்த நோய் வந்தால் அதற்கும் மருந்து வேண்டும். கார்வர் ஒதுங்கியிருந்தால் டஸ்கீகியில் அந்த ஆய்வகம் இருந்திருக்காது. கறுப்பின மக்கள் பத்துக் காசு போட்டுவிட்டுச் சும்மா இருந்திருந்தால் அவர்களுடைய குழந்தைகளுக்கு மையம் கிடைத்திருக்காது. கொடுத்தவர்களுக்குக் கேட்கும் உரிமை உண்டு. உடம்பைக் கொடுத்தவர்களுக்கு அது இரண்டு மடங்கு உண்டு.

எனவே மூன்று கேள்விகளோடு கொடுப்போம். முதலாவது, இந்த ஆய்வில் யாருடைய ரத்தமும் திசுவும் பயன்படுகிறது, அவர்கள் மொழியில் அவர்களிடம் கேட்டார்களா? இரண்டாவது, வேண்டாம் என்று சொன்னவருக்கும் அதே சிகிச்சை கிடைக்கிறதா? மூன்றாவது, கண்டுபிடிக்கும் மருந்து அரசு மருத்துவமனையின் பொதுவார்டுக்கு வந்து சேர வழி உண்டா? பதில் சொல்லும் நிறுவனத்துக்குக் கொடுப்போம். சொல்லாத நிறுவனத்துக்குக் கடிதம் எழுதுவோம்.

பெயரைப் பற்றி ஒரு விளக்கம். ஆய்வில் பங்கெடுக்கும் நோயாளியின் பெயரை வெளியிடக் கூடாது என்பது இன்றைய நெறி, அது சரி. மறைப்பதா, சொல்வதா என்பதை அந்த மனிதரும் குடும்பமும் முடிவு செய்ய வேண்டும் என்பதே நம் வாதம். ஹென்றியேட்டாவின் குடும்பத்துக்கு அந்த வாய்ப்பைக் கொடுக்காமலே அவருடைய பெயரைத் திரித்தார்கள்.

இன்று வாசலில் ஓர் உண்டியலும் ஒரு நோட்டும் வைத்திருக்கிறோம். உண்டியலில் போடுவது உங்கள் விருப்பம், பத்து ரூபாயும் போதும். போடாதவர்களும் நோட்டில் எழுதுங்கள். நோய்க்கு நீங்கள் பறிகொடுத்த ஒருவரின் பெயர், அவர் வாழ்ந்த தெரு, செய்த வேலை, இறந்த ஆண்டு. அனுப்பும் பணத்தோடு அந்தப் பெயர்ப் பட்டியலும் போகும். அதைச் சேர்த்து வைத்துக்கொள்ளச் சம்மதமா என்றும் அந்த நிறுவனத்தைக் கேட்போம்.

முதல் பக்கத்தில் தோழரின் பெயரை அவர் மகளே எழுதியிருக்கிறார். அடுத்த வரியில் கேள்வி கேட்ட மாணவர், அரசு மருத்துவமனையில் இறந்த தன் பாட்டியின் பெயரை எழுதியிருக்கிறார். நீங்களும் எழுதுங்கள். முதலெழுத்தோடு நிறுத்திவிடாதீர்கள். முழுப் பெயரையும் எழுதுங்கள்.

ஜெய்பீம்.